கணவருக்கோ மனைவிக்கோ ஹெபடைடிஸ் சி இருக்கிறதா? 'எனக்கும் ஒட்டிக்குமா?' முதல் 'எப்படி வந்துச்சு?' வரை... முழு விளக்கம்!

ரத்ததானம் கொடுத்த சில நாட்களில் ரத்த வங்கியில் இருந்து ஒரு போன் வரும். அல்லது குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் எடுத்த டெஸ்ட்டில் தெரியவரும். வளைகுடா வேலைக்காக எடுத்த மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்று வந்த பிறகு தெரிந்துகொள்பவர்களும் உண்டு. ரிப்போர்ட்டில் 'ஹெச்சிவி ரியாக்டிவ்' என்று இருக்கும். உடம்பில் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது.

அன்று இரவே அந்த வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். ஒன்று, வாய்விட்டுக் கேட்கப்படுவது: "எனக்கும் வந்துடுமா?" இன்னொன்று, பெரும்பாலும் மனதுக்குள்ளேயே இருப்பது: "இது இவருக்கு எப்படி வந்துச்சு?"

முதல் கேள்விக்கு மருத்துவம் தெளிவான பதில் சொல்லிவிட்டது. அதிகம் பேசப்படாமல் இருப்பது இரண்டாவது கேள்விதான். அதற்குப் பயந்தே பலர் ரிப்போர்ட்டை மறைக்கிறார்கள், சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

உலக சுகாதார அமைப்பு 2024-ல் வெளியிட்ட ஹெபடைடிஸ் அறிக்கையின்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி தொற்றுடன் இருந்தார்கள். உலக அளவில் இந்த எண்ணிக்கை சுமார் 5 கோடி. இவர்களில் பலருக்கு வாழ்க்கைத்துணை இருக்கிறார். அந்தத் துணை தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மஞ்சள் காமாலைதானே இது?

குழப்பம் தொடங்கும் இடமே இதுதான். நம் ஊரில் கல்லீரல் பிரச்சினை என்றாலே 'மஞ்சள் காமாலை' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மஞ்சள் காமாலை என்பது ஒரு அறிகுறி மட்டுமே. அதன் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். ஹெபடைடிஸ் வைரஸ்களில் முக்கியமானவற்றை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

- ஹெபடைடிஸ் ஏ, இ: அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் பரவும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.
- ஹெபடைடிஸ் பி: ரத்தம், தாம்பத்திய உறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு எனப் பரவும். தடுப்பூசி உண்டு. நாள்பட்ட தொற்றாக மாறிவிட்டால் மாத்திரைகளால் கட்டுப்படுத்தலாம், முழுமையாக நீக்குவது அரிது.
- ஹெபடைடிஸ் சி: முக்கியமாக ரத்தத்தின் வழியாகப் பரவும். தடுப்பூசி இல்லை. ஆனால் மாத்திரையால் முழுமையாகக் குணப்படுத்த முடியும்.

பி-க்குச் சொல்லும் எச்சரிக்கையை சி-க்கும் பொருத்திப் பார்த்துதான் பல தம்பதிகள் பயப்படுகிறார்கள். அதனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, அது பி-யா சி-யா என்பதைத்தான்.

இன்னொரு விஷயம். மஞ்சள் காமாலைக்குச் சாப்பிடும் கீழாநெல்லி ஹெபடைடிஸ் சி வைரஸை ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 'நாட்டு மருந்து சாப்பிட்டேன், சரியாப் போச்சு' என்று யாராவது சொன்னால், அவருக்கு வந்தது தானாகவே சரியாகும் ஏ அல்லது இ வகையாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

'எப்படி வந்துச்சு?' என்ற கேள்வி

ஹெபடைடிஸ் சி ஓசையில்லாமல் இருக்கும் வைரஸ். உடலுக்குள் நுழைந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு 6 மாதத்துக்குள் தானாகவே போய்விடும். மற்ற 70 சதவீதம் பேரின் கல்லீரலில் தங்கிவிடும். அப்படித் தங்கியவர்களுக்கும் 10, 20 ஆண்டுகள் எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். கொஞ்சம் சோர்வு இருந்தால்கூட, 'வேலை அதிகம், வயசாகுது' என்று விட்டுவிடுவார்கள்.

இதில் தம்பதிகள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ரிப்போர்ட்டில் இருக்கும் தேதி, தொற்று கண்டுபிடிக்கப்பட்ட தேதிதான். தொற்று எப்போது வந்தது என்பதை அந்த ரிப்போர்ட் சொல்லாது. 45 வயதில் கண்டுபிடிக்கப்பட்ட தொற்று, 15 வயதில் போட்ட ஊசியில் வந்ததாகவும் இருக்கலாம். அதாவது கல்யாணத்துக்கு முன்பே, ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு முன்பே.

இந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-ல்தான். கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹூட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கு 2020-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. அதற்கு முன் யாருக்கு ரத்தம் ஏற்றினாலும், அதில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வழியே கிடையாது. இந்தியாவில் தானமாகப் பெறும் ரத்தத்தை ஹெபடைடிஸ் சி-க்கு கட்டாயமாகப் பரிசோதிக்கத் தொடங்கியது 2000-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் பிரசவத்திலோ, விபத்திலோ, ஆபரேஷனிலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

ஊசி இன்னொரு வழி. கண்ணாடி சிரிஞ்சை ஒரு டப்பாவில் கொதிக்க வைத்து, அடுத்தடுத்து எல்லோருக்கும் போட்ட காலம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். சரியாகச் சுத்திகரிக்காத சிரிஞ்ச், பல் மருத்துவக் கருவி, டயாலிசிஸ் யூனிட், பச்சை குத்தும் ஊசி, சவரக் கத்தி, ஊசி வழியாக எடுக்கும் போதைப்பொருள் என வைரஸ் உடலுக்குள் வந்த வழிகள் பல. மருத்துவமனை, ஆய்வகப் பணியாளர்களுக்கு வேலையின்போது தவறுதலாக ஊசி குத்தியும் வரலாம்.

எகிப்தில் நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். அங்கே பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோயை ஒழிக்க 1950-கள் முதல் 1980-கள் வரை அரசே கிராமம் கிராமமாக ஊசி போட்டது. சரியாகச் சுத்திகரிக்காத ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில், ஹெபடைடிஸ் சி ஒரு தலைமுறைக்கே பரவியது. உலகிலேயே இந்தத் தொற்று மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து மாறியது. நோயைத் தடுக்கப் போட்ட ஊசியே இன்னொரு நோயைக் கொண்டுவந்தது.

அதனால் ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் என்ற ரிப்போர்ட், ஒருவரின் நடத்தைக்குச் சான்றிதழ் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று பல நோயாளிகளால் கடைசி வரை சொல்லவே முடியாது. "உண்மையைச் சொல்லுங்க" என்று துணை வற்புறுத்தினாலும், அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. சிகிச்சைக்கும் அந்தப் பதில் தேவையில்லை.

தாம்பத்திய உறவால் பரவுமா?

பரவ வாய்ப்பு உண்டு, ஆனால் மிக மிகக் குறைவு. இதைத் தம்பதிகளை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 500 தம்பதிகளிடம் நடந்த ஆய்வு 2013-ல் 'ஹெபடாலஜி' இதழில் வெளியானது. ஒருவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்து, நீண்ட காலமாக ஒருவருக்கு ஒருவர் மட்டுமே துணையாக வாழ்ந்த ஆண்-பெண் ஜோடிகள் இவர்கள். இவர்களிடையே உறவு மூலம் தொற்று பரவும் வாய்ப்பு, அதிகபட்சமாக ஆண்டுக்கு 0.07 சதவீதம் என்று கணக்கிடப்பட்டது. அதாவது 10,000 ஜோடிகளை ஓராண்டு கவனித்தால், அதிகபட்சம் 7 ஜோடிகளில் பரவலாம். இன்னொரு விதமாகச் சொன்னால், சுமார் 1,90,000 முறை உறவு கொண்டால் ஒருமுறை.

இத்தாலியில் சுமார் 900 ஜோடிகளை 10 ஆண்டுகள் கவனித்து, 2004-ல் வெளியிடப்பட்ட ஆய்வும் இதையே சொன்னது. அந்தக் காலத்தில் 3 துணைகளுக்குப் புதிதாகத் தொற்று வந்தது. ஆனால் வைரஸைப் பிரித்துப் பார்த்தபோது, அது கணவரிடமிருந்தோ மனைவியிடமிருந்தோ வந்தது என்பதற்கான தடயம் ஒன்றில்கூட இல்லை. அவர்களுக்கு வேறு வழியாக வந்திருக்கிறது.

இதனால்தான், நீண்ட காலமாக ஒருவரோடு மட்டுமே உறவில் இருக்கும் தம்பதிகள் ஹெபடைடிஸ் சி-க்காகத் தங்கள் தாம்பத்திய வாழ்க்கையை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்கிறது. பிரிந்து படுக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் ஆணுறை அவசியம் என்று மருத்துவர்கள் சொல்லும் சூழல்களும் உண்டு:

- இருவரில் ஒருவருக்கு ஹெச்ஐவி இருந்தால்
- ஒருவருக்கு மேற்பட்டவர்களுடன் உறவு இருந்தால்
- வேறு பால்வினைத் தொற்றோ, பிறப்புறுப்பில் புண்ணோ இருந்தால்
- ஆண்-ஆண் உறவில், குறிப்பாக ஹெச்ஐவி உள்ளவர்களிடையே
- மாதவிடாய் நாட்கள் போல ரத்தம் படக்கூடிய நேரங்களில்

இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, ரத்தம் படும் வாய்ப்பு. படுக்கையைப் பிரிக்கும் வீடுகள் பல, பாத்ரூமில் இருக்கும் ரேசரை மட்டும் பொதுவாகவே வைத்திருக்கின்றன. கவனம் போக வேண்டிய இடம் அதுதான்.

வீட்டில் எது ஆபத்து, எது ஆபத்தில்லை?

இவற்றால் பரவாது:

- ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே டம்ளரில் குடிப்பது
- கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுப்பது, கைகுலுக்குவது
- இருமல், தும்மல்
- ஒரே கழிப்பறை, ஒரே படுக்கை, ஒன்றாகத் துவைத்த துணி
- அவர் சமைத்த சாப்பாடு
- கொசுக்கடி

இவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளணும்:

- ரேசர், பிளேடு
- டூத் பிரஷ் (ஈறில் ரத்தம் கசியலாம்)
- நகவெட்டி, கத்தரி, முள்வாங்கி
- சுகர் டெஸ்ட் ஊசி, இன்சுலின் ஊசி, இன்சுலின் பேனா

கடைசியாகச் சொன்னது தமிழ்நாட்டு வீடுகளுக்கு மிக முக்கியம். கணவன், மனைவி இருவருக்கும் சர்க்கரை நோய் இருக்கும் வீடுகள் எத்தனையோ. வீட்டில் ஒரே குளுக்கோமீட்டர் இருக்கும். 'நம்ம வீட்டு ஆளுதானே' என்று ஒரே லான்செட்டில் இருவரும் விரலைக் குத்திப் பார்ப்பதும் நடக்கிறது. இந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்தணும். ஊசியை மட்டும் மாற்றிவிட்டு, குத்தும் கருவியைப் பொதுவாக வைத்துக்கொள்வதும் பாதுகாப்பில்லை. ஆளுக்கு ஒரு கருவி வேண்டும். இன்சுலின் பேனாவுக்கும் இதே விதிதான்.

ரத்தம் சிந்தினால் என்ன செய்வது? இந்த வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட சில வாரங்கள் உயிரோடு இருக்க முடியும். அதனால் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைக்க வேண்டும். சமையலறையில் கை வெட்டிக்கொண்டால் உடனே பேண்டேஜ் போட்டு மூடணும். நாப்கினை நன்றாகச் சுற்றித் தனியாக அகற்றணும். தனித் தட்டு, தனி டம்ளர், தனி சோப்பு எல்லாம் வேண்டாம். மூலையில் வைக்கப்பட்ட அந்தத் தனித் தட்டு யாரையும் பாதுகாக்காது, நோயாளியை ஒதுக்கி வைக்க மட்டுமே உதவும்.

துணையும் டெஸ்ட் எடுக்கணுமா?

ஆமாம், ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. தாம்பத்தியத்தால் பரவும் வாய்ப்பு குறைவு என்றாலும், ஒரே ரேசர், ஒரே லான்செட் பயன்படுத்தியிருக்கலாம். இருவருமே ஒரே ஊரில், ஒரே மருத்துவரிடம் ஊசி போட்டவர்களாகவும் இருக்கலாம். டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்துவிட்டால், மனதில் இருக்கும் பாரமும் குறையும்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது இரண்டு டெஸ்ட்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது ஆன்டிபாடி டெஸ்ட். வைரஸ் எப்போதாவது உடலுக்குள் வந்து போனதா என்பதை மட்டுமே இது காட்டும். தானாகவே குணமானவருக்கும், சிகிச்சை எடுத்துக் குணமானவருக்கும் இது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க பாசிட்டிவ் என்றே காட்டும்.

இரண்டாவது ஆர்என்ஏ டெஸ்ட், அதாவது வைரல் லோடு. இப்போது ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்பதை இதுதான் சொல்லும். சிகிச்சை தேவையா, குணமாகிவிட்டதா என்று முடிவு செய்வதும் இதை வைத்துத்தான்.

இந்த வித்தியாசம் தெரியாததால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றதுமே வைரஸ் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவது ஒன்று. குணமான சில ஆண்டுகள் கழித்து வேறு எதற்கோ எடுத்த டெஸ்ட்டில் மீண்டும் 'ரியாக்டிவ்' என்று வந்ததும், 'திரும்ப வந்துடுச்சு, எங்கேயோ போயிருக்கார்' என்று வீட்டில் சண்டை தொடங்குவது இன்னொன்று. ஆன்டிபாடி அப்படித்தான் காட்டும். ஆர்என்ஏ டெஸ்ட்டில் வைரஸ் இல்லை என்றால், இல்லை. குணமான ரிப்போர்ட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

84 நாள், 84 மாத்திரை

ஒரு காலத்தில் ஹெபடைடிஸ் சி சிகிச்சை என்றால் இன்டர்ஃபெரான் ஊசிதான். பல மாதங்கள் போட வேண்டும். காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு என்று பக்கவிளைவுகள் வாட்டி எடுக்கும். அவ்வளவு பட்டும் பலருக்குக் குணமாகாது.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்ததும் நிலைமை மாறியது. ஆனால் விலை? ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரம், 84 மாத்திரை, 84,000 டாலர். 2014-ல் அந்த மருந்தின் உரிமையாளரான கிலியட் நிறுவனம், ஜெனரிக் மருந்து தயாரிக்க இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. அதன்பின் இங்கே விலை பல மடங்கு குறைந்தது.

பஞ்சாப் அரசு 2016-ல் ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு இலவச சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கியது. 2018 ஜூலை 28-ல், உலக ஹெபடைடிஸ் தினத்தன்று, மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. இதன்கீழ் ஹெபடைடிஸ் பி, சி ஆகிய இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையிலோ விசாரிக்கலாம். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம்.

கல்லீரல் சுருக்கம் எனப்படும் சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு, சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் மருந்துகளை வழக்கமாக 12 வாரம் கொடுக்கிறார்கள். சிரோசிஸ் இருந்தால் சோஃபோஸ்புவிர்-வெல்படாஸ்விர் கூட்டு மருந்து. நோய் முற்றிய நிலையில் ரிபாவிரின் சேர்ப்பார்கள் அல்லது 24 வாரம் வரை நீட்டிப்பார்கள். குணமாகும் வாய்ப்பு 95 சதவீதத்துக்கும் மேல். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்என்ஏ டெஸ்ட்டில் வைரஸ் தெரியவில்லை என்றால், குணமாகிவிட்டது என்று அர்த்தம்.

மாத்திரை தொடங்கும் முன் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை:

- வேறு என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்பது. முக்கியமாக, இதயத்துடிப்புக்கான அமியோடரோன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்பு மாத்திரைகள், அசிடிட்டி மாத்திரைகள். இவற்றில் சில ஆபத்தை உண்டாக்கும், சில மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.
- ஹெபடைடிஸ் பி இருக்கிறதா, முன்பு வந்திருக்கிறதா என்பது. சி-க்கான சிகிச்சையின்போது, அடங்கிக் கிடந்த பி வைரஸ் மீண்டும் தலைதூக்கலாம். 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதுபற்றி எச்சரித்தது. அதனால் பி டெஸ்ட் எடுத்த பிறகுதான் சி சிகிச்சையைத் தொடங்குவார்கள்.
- குழந்தைக்குத் திட்டமிடுகிறார்களா என்பது.

இந்த 84 நாட்களில் துணைக்கும் வேலை இருக்கிறது. மாத்திரை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது, அடுத்த மாத மருந்தை வாங்க உடன் போவது, மதுவை வீட்டுக்குள் வரவிடாமல் இருப்பது. கல்லீரலுக்கு வைரஸும் மதுவும் சேர்ந்தால் பாதிப்பு வேகமாகும். சிகிச்சையே இல்லாமல் விட்டால், நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் சிரோசிஸ் வரலாம். அதிலிருந்து கல்லீரல் புற்றுநோய்க்கும் போகலாம். ஏற்கெனவே சிரோசிஸ் வந்துவிட்டவர்கள், வைரஸ் போன பிறகும் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கணும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். குணமானால் வாழ்நாள் பாதுகாப்பு கிடைத்துவிடாது. மீண்டும் ரத்தம் வழியாக வைரஸ் நுழைந்தால், மீண்டும் தொற்று வரும். தனி ரேசர், தனி லான்செட் பழக்கம் குணமான பிறகும் தொடரணும்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் வரிசை முக்கியம். முடிந்தவரை சிகிச்சையை முடித்து, குணமானதை உறுதி செய்துகொண்டு கர்ப்பத்துக்குத் திட்டமிடுவது நல்லது. ஏனென்றால் கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரைகளை வழக்கமாகக் கொடுப்பதில்லை.

சிகிச்சையில் ரிபாவிரின் சேர்க்கப்பட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. அது கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். மனைவி சாப்பிட்டால் சிகிச்சையின்போதும் அதன்பின் 9 மாதமும், கணவர் சாப்பிட்டால் சிகிச்சையின்போதும் அதன்பின் குறைந்தது 6 மாதமும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. எப்போது முயற்சி செய்யலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்யணும்.

தெரியாமலேயே கர்ப்பமாகி, பிறகு டெஸ்ட்டில் தெரிந்தால்? பதற வேண்டாம். தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு சுமார் 6 சதவீதம்தான். தாய்க்கு ஹெச்ஐவியும் இருந்தால் இது அதிகமாகும். ஹெபடைடிஸ் சி-க்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பால் கொடுக்கலாம். காம்பில் வெடிப்பு ஏற்பட்டு ரத்தம் கசிந்தால் மட்டும், அது ஆறும் வரை நிறுத்தி வைக்கணும். தாயின் ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் பல மாதங்கள் இருக்கும் என்பதால், குழந்தைக்கு எப்போது, எந்த டெஸ்ட் எடுப்பது என்பதைக் குழந்தைகள் நல மருத்துவர் சொல்வார்.

வீட்டில் யாருக்கெல்லாம் சொல்லணும்?

வாழ்க்கைத்துணைக்குச் சொல்வதுதான் சரி. டெஸ்ட் எடுக்கவும், ரேசரையும் லான்செட்டையும் பிரித்துக்கொள்ளவும் அவருக்குத் தெரிய வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவர், பல் மருத்துவர் ஆகியோரிடமும் சொல்லணும்.

மற்றவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு, அலுவலகம் என எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டிய மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. யாரிடம் சொல்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளிதான், அவரது துணை அல்ல. 'அத்தைகிட்ட மட்டும் சொன்னேன்' என்று தொடங்கும் விஷயம், தங்கையின் சம்பந்தம் பேசும் இடம் வரை போய் நிற்கும்.

நேரடியாகச் சொல்வது தயக்கமாக இருந்தால், மருத்துவரைப் பார்க்கப் போகும்போது துணையையும் அழைத்துச் செல்லலாம். 'எப்படியெல்லாம் வரும்' என்பதை மருத்துவர் வாயால் கேட்டால், வீட்டில் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

'இதைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாமா?' என்ற கேள்வியும் வருகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவு, தொற்றக்கூடிய நிலையில் உள்ள பால்வினை நோயை ஒரு காரணமாகச் சொல்கிறது. ஹெபடைடிஸ் சி-யின் பெயர் அதில் இல்லை. ஒரு காலத்தில் தொழுநோயும் அந்தப் பட்டியலில் இருந்தது. குணப்படுத்தக்கூடிய நோய் என்பதால் 2019-ல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. ஒரு நோய்க்கு மருந்து வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் சட்டம் மாறியது. சமூகத்தின் பார்வை மாற இன்னும் நாளாகும் என்பதற்கு இதுவே உதாரணம்.

இது வெறும் வீட்டுப் பிரச்சினையா?

2030-க்குள் வைரல் ஹெபடைடிஸை பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து நீக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் இலக்கு. புதிய தொற்றுகளை 90 சதவீதமும், இறப்புகளை 65 சதவீதமும் குறைக்கணும். மருந்து கையில் இருக்கிறது, விலையும் குறைந்துவிட்டது. ஆனாலும் 2022 முடிவில், உலகில் ஹெபடைடிஸ் சி உள்ளவர்களில் 36 சதவீதம் பேருக்குத்தான் தங்களுக்குத் தொற்று இருப்பது தெரியும். சிகிச்சை பெற்றவர்கள் சுமார் 20 சதவீதம் மட்டுமே.

எகிப்து வேறு வழியைக் காட்டியது. 2018-ல் '10 கோடி ஆரோக்கிய வாழ்வுகள்' என்ற பிரசாரத்தைத் தொடங்கி, கோடிக்கணக்கான மக்களுக்கு டெஸ்ட் எடுத்து, தொற்று இருந்தவர்களுக்கு இலவசமாக சிகிச்சை கொடுத்தது. 2023-ல் உலக சுகாதார அமைப்பு, ஒழிப்புப் பாதையில் 'தங்கத் தரநிலை' எட்டிய முதல் நாடு என்று எகிப்தை அங்கீகரித்தது. அங்கே பெரியவர்களில் பெரும்பாலானோர் டெஸ்ட் எடுத்தார்கள். அதனால், 'நீ ஏன் டெஸ்ட் எடுத்தே?' என்று ஒருவரைத் தனியாகச் சந்தேகிக்க இடமில்லாமல் போனது.

இங்கே இன்னும் அப்படி இல்லை. டெஸ்ட் எடுக்கப் போவதே ஏதோ தவறு செய்தவர் போகும் இடம் என்று நினைக்கிறோம். பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டில் என்ன சொல்வது என்ற பயத்தில் ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடுகிறது. இலவச மாத்திரை மருத்துவமனையில் இருக்கிறது, அதைச் சாப்பிட வேண்டியவர் வீட்டில் இருக்கிறார். நடுவில் நிற்பது அந்த இரண்டாவது கேள்விதான்.

சுருக்கமாக, இந்த வாரமே செய்ய வேண்டியவை:

1. ரிப்போர்ட்டில் இருப்பது பி-யா சி-யா, ஆன்டிபாடியா ஆர்என்ஏ-வா என்று பாருங்கள். ஆர்என்ஏ எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள்.
2. துணையும் ஒருமுறை டெஸ்ட் எடுத்துக்கொள்ளட்டும். பி-க்கான தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.
3. ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி, லான்செட் ஆகியவற்றைப் பிரித்து வையுங்கள். தட்டையும் படுக்கையையும் பிரிக்க வேண்டாம்.
4. அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை பற்றி விசாரியுங்கள். மது வேண்டாம்.
5. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்க வேண்டிய ஆர்என்ஏ டெஸ்ட்டின் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். இருவரும் சேர்ந்தே போய் அந்த ரிப்போர்ட்டை வாங்குங்கள்.